லாசர் கூப்பிட்ட மான்

1. காலை

1974 ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு அண்டாவும் ஒரு தவலையும் நிரப்பினேன். பால் டிப்போவில் கூட்டம் இல்லை. பங்குனித் திருவிழா முடிந்து மாட வீதிகளில் தண்ணீர்ப் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கழிகள் வழியை அடைத்துக் கிடந்ததால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வீடு திரும்பினேன். காபி, குளியல், பத்திரிகை. டைரியில் முந்தைய நாள் குறிப்பில் விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்தேன்: ரெக்கார்டருக்குப் புது பேட்டரி வாங்கியாயிற்று.

கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "வரச்சே வெண்டைக்காய் வாங்கிண்டு வாங்கோ. போன தடவை மாதிரி முத்தலா இருந்தா நீங்களே சாப்பிடணும்."

அப்போது நான் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் எஃபெக்ட்ஸ் ரெக்கார்டிஸ்ட். கதவு சாத்தும் சத்தம், மழை, ரயில், நாய் குரைப்பது என்று படத்தில் வசனமும் பாட்டும் தவிர்த்த மற்ற சத்தங்கள் எல்லாம் என் பொறுப்பு. இன்று இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள் அலமாரியைத் திறந்தால் எந்தச் சத்தம் வேண்டுமானாலும் டேப்பில் கிடைக்கிறது. அன்று அப்படி இல்லை. மிருகங்களின் குரல் வேண்டுமென்றால் லாசரைக் கூப்பிடுவோம்.

லாசர் சாந்தோம்காரர். என்னைவிட இரண்டு வயது பெரியவர். அவருடைய அப்பா, மலைத்தோட்டங்களில் இருந்த வெள்ளைக்காரத் துரைகள் வேட்டைக்குப் போகும்போது கூடப் போகும் சமையல்காரர். அப்பாவோடு போன லாசர், மானைக் கூப்பிடக் கற்றுக்கொண்டார். மறைவில் உட்கார்ந்து மான் மாதிரியே குரல் கொடுத்து, துப்பாக்கிக்கு எதிரே அதை வரவழைப்பதுதான் வேலை. துரைகள் ஊருக்குப் போய்விட்டார்கள், வேட்டைக்கும் சட்டத்தில் தடை வந்தது. அதற்கு முன்பே லாசர் சினிமாவுக்கு வந்துவிட்டார். ரீ-ரெக்கார்டிங்கில் திரையில் படம் ஓடும். ஒரு பக்கம் வாத்தியக்காரர்கள், இன்னொரு பக்கம் தனி மைக்கின் முன் லாசர். புலி வாய் திறக்கும் அதே நொடியில் இவர் உறுமுவார். யானைக்கும் கிடாமானுக்கும் ஒரு மண் கலயம், பறவைகளுக்கு விரல்கள், மான்குட்டிக்கு ஒரு பூவரச இலை. ஒவ்வொரு படத்துக்கும் வந்து நின்று கொடுக்க வேண்டும். அதுதான் அவர் பிழைப்பு.

புரொடக்‌ஷன் மானேஜர் அவரைப் பலமுறை கேட்டார். "ஒரு நாள் உக்காந்து எல்லாத்தையும் டேப்ல குடுத்துடுங்க லாசர். லைப்ரரில இருக்கட்டும்."

லாசர் சிரிப்பார். "ஏன் சார், அப்பாலிக்கா என்னை எதுக்குக் கூப்புடுவ? பொங்கலுக்கு வாழ்த்து சொல்லவா?"

அவர் கடைசிவரை டேப்புக்குக் கொடுத்ததில்லை. ரீ-ரெக்கார்டிங்கில் பதிவானது பாட்டோடும் வசனத்தோடும் கலந்துவிடும், தனியே பிரித்து எடுக்க முடியாது. அவருடைய குரல் தனியாக எங்கும் இல்லை என்பதால்தான் அவரைத் தேடி வந்தார்கள். இது எனக்குத் தெரியும், மானேஜருக்கும் தெரியும்.

2. அண்ணாச்சியின் தோட்டம்

அன்று அடையாறு ஆற்றோரத்தில் ஒரு மாந்தோப்பில் வெளிப்புறப் படப்பிடிப்பு. நடிகர்கள் யாரும் இல்லை. ஒரு புள்ளிமான் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும், கேமராவை நோக்கி நடந்து வர வேண்டும், பிறகு வெருண்டு ஓட வேண்டும். மூன்று ஷாட். கதாநாயகி கூப்பிட்டு மான் வருவதாகப் பிறகு ஒட்டிக்கொள்வார்கள்.

தோப்பும் மானும் படத்துக்குப் பணம் போட்டவருடையவை. தி. நகரில் துணிக்கடை வைத்திருந்தவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எல்லோரும் அண்ணாச்சி என்போம். அந்த மானைக் குட்டியில் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்களாம். சீசாவில் பால் கொடுத்து, வீட்டுக்குள்ளேயே வளர்த்து, வளர்ந்த பிறகு தோப்பில் விட்டிருந்தார். பெயர் ராசா. கொம்பு முற்றி, அதன் மேல்தோல் உரிந்து, பளபளவென்று இருந்தது.

"ஏ ராசா, இங்க வாடே" என்றார். வந்தது. அவர் சட்டைப் பையை முகர்ந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டது.

"எம்புள்ளைக கூட இப்படிச் சொன்ன பேச்சு கேக்காது பாத்துக்கிடுங்க. ஆனா ரெண்டு வாரமா சரியா திங்க மாட்டேங்கு. மரத்தப் போட்டு முட்டிக்கிட்டுக் கெடக்கு. வெயில் சூடுன்னு நெனைக்கேன்."

மாமரங்களில் இடுப்பு உயரத்துக்குப் பட்டை உரிந்திருந்தது. லாசர் போய்த் தடவிப் பார்த்தார். மானின் கழுத்தையும் எட்ட நின்று பார்த்தார். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சூடு இல்ல அண்ணாச்சி. சீசன்ல கீது. கழுத்து பாரு, எப்டி தடிச்சிக் கீது. இன்னிக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சிடும்."

வேலை தொடங்குவதற்கு முன் ஒரு பேச்சு நடந்தது. மான் எப்போது குரல் கொடுக்கும் என்று தெரியாது, ஆகவே டேப் நிற்காமல் ஓடட்டும் என்றார் டைரக்டர். அப்படி ஓடினால் லாசரின் குரலும் அதில் விழும். நான் லாசரைத் தனியே அழைத்து இதைச் சொன்னேன்.

அவர் ரெக்கார்டரின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "ரீலு யாராண்ட இருக்கும்?"

"என்கிட்ட."

"அப்ப ஓடட்டும். மான் கத்துனத மட்டும் எடுத்துக்கோ. மிச்சத்த அழிச்சிடு. உன் கையில கீதுன்னா எனக்கு பயமில்ல சார்."

சரி என்றேன்.

3. வராத மான்

முதலில் இலை. பூவரச இலையை மடித்து உதட்டில் வைத்து, குட்டி தாயைத் தேடிக் கத்துவதுபோல ஊதினார். ஹெட்ஃபோனில் கேட்ட எனக்கே நெஞ்சைப் பிசைந்தது. ராசா அசை போட்டுக்கொண்டிருந்தது. காதுகூட ஆடவில்லை.

அடுத்து, பெண்மான் ஆபத்தைக் கண்டால் போடும் கூச்சல். காட்டு மந்தையாக இருந்தால் அத்தனையும் விறைத்து நின்று காலைத் தரையில் தட்டும் என்றார். ராசா திரும்பி அண்ணாச்சியைப் பார்த்து, இன்னொரு பழத்துக்காக நடந்து போயிற்று. மந்தை ஒன்று கூடி மேயும்போது போடும் மெல்லிய முனகல், தாய் குட்டியைக் கூப்பிடும் குரல் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ஒன்றுக்கும் பலன் இல்லை. லைட்மேன் மணிக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னா நைனா, மானு இங்கிலீசு மீடியமா?"

"உனக்கு வெச்சிருக்கேன் இருடா. கழுத மாதிரி கத்துறேன், நீ வரியா இல்லியா பாப்போம்" என்றார் லாசர். எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சாப்பாட்டு நேரத்தில் லாசர் என்னோடு மரத்தடியில் உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்தார், சாப்பிடவில்லை. காலை முழுக்கத் தோற்றது அவரை உறுத்தியிருக்க வேண்டும்.

"கத்துறது பெரிய வித்தை இல்ல சார். கேக்குற மானு அன்னிக்கு எப்டி கீதுன்றதுதான் கணக்கு. கடமான் கெடா ஒண்ணு பொட்டைங்களோட நிக்குதுன்னு வெச்சிக்கோ. நான் இன்னொரு கெடா மாதிரி கத்துறேன். சண்டைக்கு வரும்னு தொர துப்பாக்கிய நீட்டிக்கினு குந்தியிருப்பாரு. வராது. பொட்டைங்கள ஓட்டிக்கினு அந்தாண்ட போய்டும். கையில கீறத உட்டுட்டு சண்டைக்கு வர அதுக்கு இன்னா தலையெழுத்தா?"

"அப்ப எதுதான் வரும்?"

"ஒண்டிக்கட்ட. பொட்டை கெடைக்காத கெடா. அது வரும். ஆனா பதில் குரல் குடுக்காது. நாம வேற பக்கம் பாத்துக்கினு இருப்போம், அது காத்து பாத்து சுத்திக்கினு பின்னால வந்து நிக்கும். மோப்பம் புடிக்கத்தான். மனுசன் வாசன அடிச்சிதா, அவ்ளோதான். திரும்பிக்கூட பாக்காது. ஒரு தபா அப்டி ஏமாந்துச்சின்னா அடுத்த வருசம் அந்தக் காடே ஊமை. நீ தொண்ட கிழிய கத்து, ஒண்ணும் பேசாது."

"குட்டிக் குரலுக்கு?"

"தாய் வரும். குட்டி போட்ட மாசத்துல மோப்பம்லாம் பாக்காது, ஓடியாரும்." கையிலிருந்த பூவரச இலையைக் கீழே போட்டார். "அத்த மட்டும் தொரைங்களுக்கு நான் ஊதுனதே இல்ல. சினிமாவுக்குத்தான் ஊதுவேன். இங்க யாரும் சுட மாட்டான் பாரு."

காலையில் ராசா ஏன் எதற்கும் அசையவில்லை என்று கேட்டேன். அவரிடம் பதில் இருந்தது. அது பெண்ணில்லை, குட்டிக் குரல் அதற்கு எதற்கு? மந்தையைக் கண்டதே இல்லை, மந்தைக் குரல் தெரியாது. பயந்ததே இல்லை, ஆபத்துக் குரல் புரியாது. ஆனால் பருவம் என்பது யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. ஆகவே கிடாக் குரலுக்குக் கட்டாயம் வரும். "தல தூக்கும், நாலடி வரும், என் வாசன புடிச்சதும் எகிறி ஓடும். மூணு ஷாட்டும் ஒரே டேக்ல. மணி மூஞ்சிய அப்ப பாக்கணும்."

அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் சரி. கடைசி வரி மட்டும் தவறு. சீசாப் பால் குடித்து வளர்ந்த அந்தக் கிடாவுக்கு மனித வாசனை ஆபத்தின் வாசனை இல்லை; அதற்குத் தெரிந்த ஒரே மந்தையின் வாசனை. பருவம் வந்தபோது அது சண்டைக்குத் தேடிய எதிரியும் மனிதன்தான். இப்படி வளர்ந்த கிடாக்களே காட்டுக் கிடாக்களைவிட ஆபத்தானவை என்று பிற்பாடு ஒரு கால்நடை மருத்துவர் எனக்கு விளக்கினார். லாசர் ஆயுள் முழுக்கக் காட்டு மானைக் கூப்பிட்டவர். வளர்ப்பு மானை அதுவரை கூப்பிட்டதில்லை.

4. வந்த மான்

மூன்று மணிக்கு லாசர் ஒரு காட்டாமணக்குப் புதரின் பின்னால் நின்று கலயத்தை வாயருகே வைத்தார். கரகரத்த, நீண்ட ஓலம். இரண்டு முறை, கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவது.

ராசா தலையைத் தூக்கியது.

முதுகு மயிர் எழுந்தது. காதுகள் பின்னுக்குப் போயின. பக்கவாட்டில் உடம்பைக் காட்டிக்கொண்டு, விறைத்த கால்களோடு மெல்ல மெல்ல நடந்து வந்தது. அப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்லை. கேமரா ஓடியது. டைரக்டர் கையை மட்டும் ஆட்டி, இன்னும் ஒரு தடவை என்று காட்டினார். லாசர் மறுபடியும் குரல் கொடுத்தார். இந்த முறை ராசாவும் பதில் ஓலமிட்டது. அந்த ஒரு குரலுக்காகத்தான் காலையிலிருந்து டேப் ஓடிக்கொண்டிருந்தது.

லாசர் புதரிலிருந்து எழுந்து நின்றார். வாசனை படட்டும், வெருண்டு ஓடட்டும், மூன்றாவது ஷாட் முடியட்டும் என்பது அவர் கணக்கு. சிரித்துக்கொண்டே எழுந்தார்.

மான் அவரைப் பார்த்தது. தலையைத் தாழ்த்தியது. ஓடியது, அவரை நோக்கி.

வலது விலாவில் கொம்பு இறங்கியது. கீழே விழுந்தவரை விடாமல் மறுபடி மறுபடி முட்டியது. அண்ணாச்சி "ராசா, ராசா" என்று அலறிக்கொண்டு குடையால் அடித்தார். அது அவரை லட்சியம் செய்யவில்லை. மணிதான் தார்ப்பாயை இழுத்துவந்து அதன் தலைமேல் போட்டான். நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். காலையில் கேலி பேசிய அதே மணி லாசரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, கண்ண மூடாத அண்ணே, என்னைத் திட்டுண்ணே" என்று அழுதான்.

என் காதில் ஹெட்ஃபோன் இருந்தது. மற்றவர்கள் கேட்காத ஒன்றை நான் கேட்டேன். விலாவின் வழியே காற்று போகும் சத்தம்.

வேனில் ஏற்றினோம். வேன் கிளம்பியதும் டைரக்டர் என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது, அவரும் மனிதர்தான். ஆனால் அவர் கேட்டது இது:

"டேப் ஓடிட்டுதானே இருந்தது?"

5. மாலை

மானேஜர் ஸ்டூடியோவில் காத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருந்தார், உயிருக்கு ஆபத்தில்லை, நுரையீரலில்தான் அடி என்று சொன்னார். அதே மூச்சில் தொடர்ந்தார்.

"ரீல்ல எல்லாம் இருக்காமே? குட்டி, பொட்டை, மந்தை, கிடா, எல்லாமே?"

"லாசர் அழிக்கச் சொல்லியிருக்கார் சார். அந்தப் பேச்சின்மேலதான் குரல் கொடுத்தார்."

"ரீல் யாரோடது? ஸ்டூடியோவோடது. மிஷின் யாரோடது? நீங்க வாங்கற சம்பளம் யாரோடது? ஆறேழு வருஷமா கெஞ்சினோம், குடுக்கல. இன்னிக்கு அதுவா வந்திருக்கு. காலைல பத்து மணிக்கு ஒவ்வொரு குரலையும் தனித்தனி லூப்பாப் போட்டு லைப்ரரிக்குக் குடுத்துடுங்க."

"அவர் திரும்பி வந்தா?"

"வந்து என்ன பண்ணுவார்? அவர் இனிமே கத்தவா போறார்?"

ரீலை என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. வார்டு வாசலில் லாசரின் மனைவி பிலோமினா நின்றிருந்தார். டாக்டர் லாசருக்குத் தெரியாமல் அவரிடம் சொல்லியிருந்தார்: பிழைத்துக்கொள்வார், நடப்பார், பேசுவார்; ஆனால் ஒரு பக்கத்து நுரையீரல் பழைய நிலைக்கு வராது. மூச்சுப் பிடித்துக் கத்துகிற வேலை இனி இல்லை.

"அவருக்கு இன்னும் சொல்லல சார். நீங்களும் சொல்லாதீங்க." பிறகு தயங்கிக் கேட்டார்: "அவர் கத்துனது டேப்புல கீதாமே? மணி சொன்னான். அத்த அழிக்காதீங்க சார். அந்தக் கொரலாவது இருக்கட்டும். பசங்க பெருசானா கேக்கும்."

உள்ளே போனேன். லாசர் விழித்திருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்தி மூச்சு எடுத்தார். முதலில் கேட்டது மானைப் பற்றி.

"அத்த இன்னா பண்ணாங்க?"

"கட்டிப் போட்டிருக்காங்க. அண்ணாச்சி பக்கத்துலயே உக்காந்து அழுதுகிட்டிருக்கார்."

"அது மேல தப்பில்ல. நான்தான் வாடான்னேன். வந்துச்சி." சிரிக்கப் பார்த்தார், வலித்தது. "ரீல அழிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அழிச்சிடு சார். ஆறு மாசம் படுத்தா எழுந்துடுவேன். ரீலு இருந்துச்சின்னா அந்த ஆறு மாசத்துல என்னை மறந்துடுவாங்க. இல்லன்னா தேடுவாங்க. வேற வழி கெடையாது பாரு, தேடித்தான் ஆவணும்."

பிலோமினா கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணு இருந்தா பத்து ஆவும் சார். வேணாம்." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ சரின்னு சொல்லியிருக்க."

வெண்டைக்காய் வாங்க மறந்துவிட்டேன். அன்றைய குறிப்பில் அது இருக்கிறது.

6. பிறகு நடந்தவை

மறுநாள் காலை நான் செய்ததைச் சொல்வதற்கு முன், அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

எனக்கு ஒரு மெமோ வந்தது. ரெக்கார்டிங்கிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு வேறு ஸ்டூடியோவில் இடம் கிடைத்தது.

ராசாவை அண்ணாச்சி ஒரு மான் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டார். மழைக்காலம் தொடங்கும்போது நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். கொம்பு உதிர்ந்திருந்தது. மற்ற மான்கள் மரத்தடியில் கூட்டமாக நின்றன. இது மட்டும் கம்பி வேலியோரம் நின்று, வருகிற போகிற மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லாசர் எழுந்து நடமாடினார். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூட வாசலில் காவல் வேலை கிடைத்தது. மாதத்துக்கு ஒருமுறை ஸ்டூடியோ கேட்டுக்கு வந்து, மிருகப் படம் ஏதாவது ஆரம்பிக்கிறதா என்று விசாரிப்பார். பிலோமினா சொல்லிவிட்டாரா, அவராகவே தெரிந்துகொண்டாரா, எனக்குத் தெரியாது. ஒருநாள் முதல் விசாரிக்க வருவது நின்றது.

படம் முடிந்து தி. நகரில் ஒரு தியேட்டருக்கு வந்தது. லாசர் என்னைக் கூப்பிட்டார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினார். இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. கதாநாயகி கூப்பிடுகிறாள். ராசா தலையைத் தூக்குகிறது, விறைத்த கால்களோடு நடந்து வருகிறது. அன்று எடுத்த அதே ஷாட்தான். லாசர் எழுந்து நின்றதற்கு முந்தைய ஃபிரேமில் வெட்டியிருந்தார்கள்.

மான் வாய் திறந்தது. அதிலிருந்து புல்லாங்குழலை உடைத்து ஊதியதுபோல ஒரு சத்தம் கிளம்பி, உச்சிக்குப் போய், ஒரு முக்கலில் இறங்கியது. தியேட்டரில் கைதட்டினார்கள்.

லாசர் என் காதில் கேட்டார்: "இது எந்த ஊரு மான் சார்? விசில் அடிக்குது?"

மானேஜர் எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டு எஃபெக்ட்ஸ் இசைத்தட்டு வாங்கியிருந்தார். எல்க் என்ற அமெரிக்கப் பெரு மானின் குரல் அதில் இருந்தது. மான் என்று போட்டிருந்ததால் எடுத்து ஒட்டிவிட்டார்கள். அந்த இசைத்தட்டு பின்பு ஸ்டோரில் என் பொறுப்புக்கே வந்தது. உறையின் பின்பக்கத்தைப் படித்தேன். அங்கே வேட்டைக்காரர்கள் குழல் ஊதி இந்த மானைக் கூப்பிடுவார்களாம். மந்தையோடு இருக்கும் கிடா எதிரியின் குரலைக் கேட்டால் பெண்மான்களை ஓட்டிக்கொண்டு விலகிவிடுமாம். தனிக்கிடா சத்தமில்லாமல் சுற்றி வருமாம். அடிக்கடி கூப்பிட்ட காடு ஊமையாகிவிடுமாம். மாமரத்தடியில் லாசர் சொன்னது அங்கே அச்சில் இருந்தது. அவரிடம் படித்துக் காட்டினேன்.

"அங்க எவனோ ஒருத்தன் காட்டுல குந்திக்கினு கேட்ருக்கான்" என்றார். "நம்மாளுங்கதான் கேக்கல."

அதற்குப் பிறகு வந்த பல படங்களில் நம் புள்ளிமான்கள் அந்த அமெரிக்கக் குரலில்தான் கத்துகின்றன. ஒருவரும் தவறு என்று எழுதவில்லை.

துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் வேலை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து உங்களைக் கூப்பிடுவதில்லை. கூப்பிடுபவனுக்கு அன்று என்ன தேவையோ அதை வைத்துக் கூப்பிடுகிறான். லாசர் இல்லாமல் முடியாது என்று லாசர் நம்பினார், நானும் நம்பினேன். ஒருவனை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் அவனுடைய இடத்தில் எதை வைத்தாலும் அவர்களுக்குப் போதும். அது அந்த மானாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. ரீல் இருந்திருந்தாலும் அவரை மறந்திருப்பார்கள். ரீல் இல்லாமலும் மறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு வேலைக்கு வாருங்கள். ஆனால் ஒருவனுக்குச் சரி என்று சொன்னால் சொன்னதைச் செய்யுங்கள். அதற்கு அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

7. மறுநாள்

ஏப்ரல் 10, புதன்கிழமை. குழாய்க்கு நிற்கவில்லை, பாலுக்கும் போகவில்லை. ஸ்டூடியோ கேட் திறந்ததும் உள்ளே போனேன். மேஜை இழுப்பறையைத் திறந்து ரீலை எடுத்தேன். போட்டுக் கேட்கவில்லை. மானின் குரலை மட்டும் வெட்டி எடுக்க வேண்டுமென்றால் மற்றதையும் கேட்டாக வேண்டும், ஆகவே அதையும் விட்டுவிட்டேன். பின்னறையில் டேப் அழிக்கும் டீகாஸர் இருந்தது. உள்ளே பெரிய மின்காந்தம், கடிகாரத்தோடு பக்கத்தில் போகக்கூடாது. கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தேன். ரீலைத் தட்டின்மேல் வைத்து சுவிட்சைப் போட்டேன். அவசரப்பட்டால் ஓரங்களில் சத்தம் தங்கிவிடும். ஒரு பக்கம் முழுதாகச் சுற்றி, திருப்பிப் போட்டு மறுபக்கமும் சுற்றி, கை எட்டும் தூரத்துக்கு மெல்ல விலக்கிய பிறகே சுவிட்சை அணைத்தேன்.